மூடியைத் திறக்காமல்

இறக்காமத்தில் எங்கள் உம்மம்மாவின் குசினியில் சோற்றுப்பானையின் மூடியில் யாரும் கைவைக்க ஏலாது. "தொறக்காத மனே, இன்னும் அவியல்ல" என்பா, பானைப் பக்கம் திரும்பாமலே. முதலில் தண்ணீர் சலசலக்கும், பிறகு மூடி துள்ளும், கஞ்சி தடிக்கத் தடிக்கச் சத்தம் 'பொதக் பொதக்' என்று கனக்கும். அவவுக்கு அந்தச் சத்தமே போதும். சும்மா சும்மா கிளறினால் சோறு குழைந்துவிடும்.

சி. வி. ராமன் 1948இல் பெங்களூரில் தொடங்கிய ராமன் ஆய்வு நிறுவனத்தில் ரூபிடியம் அணுக்களின் சத்தத்தை இப்படித்தான் கேட்கிறார்கள். கண்ணாடிக் குப்பிக்குள் ரூபிடிய ஆவி. சூடு ஏறக்குறைய 100 பாகை செல்சியஸ், உலை கொதிக்கும் அதே சூடு. ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். ஆளுக்கொரு பக்கம் பார்ப்பதால் கூட்டினால் பூச்சியம்தான். ஆனால் துல்லியமான பூச்சியமாக அது நிற்பதில்லை. பத்துக் கோடி அணுக்களென்றால் பத்தாயிரம் அளவில் ஏதாவதொரு பக்கம் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும். அந்தத் தளம்பல்தான் இங்கே கொதி.

அணுக்கள் விழுங்கும் நிறத்திலிருந்து சற்று விலகிய லேசர் ஒளி குப்பியைக் கடக்கிறது. போகும்போது அதன் அலை ஆடும் தளம், தளம்பலுக்கு ஏற்ப இம்மியளவு திரும்பும். காந்தம் ஒளியை இப்படித் திருப்புமென்று ஃபரடே கண்டது 1845இல். இயற்பியலாளர்கள் அலெக்சாண்ட்ரோவும் சபாஸ்கியும் 1981இல் சோடிய ஆவியில் அந்த வழியாகவே அணுக்களின் இரைச்சலைப் பிடித்தார்கள்.

லேசருக்கும் சொந்த இரைச்சல் உண்டு. கதிரை இரண்டாகப் பிரித்து, இரண்டு உணரிகளில் விழுத்தி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் அதில் பெரும்பகுதி அடிபட்டுப்போகும். ஒளித்துகள்கள் வந்து விழும் சத்தம் மட்டும், தகரக்கூரை மழைபோல, எல்லா மீடிறனிலும் ஒரே மட்டத்தில் மிஞ்சும். அந்த மழைக்கு மேலே எழும்பும் மேடு அணுக்களுடையது.

ரூபிடியத்தில் இரண்டு வகை அணுக்கள் இருப்பதால் மேடும் இரண்டு. ஒரு காஸ் காந்தப்புலத்தில் ரூபிடியம்-85 செக்கனுக்கு ஏறத்தாழ 4.7 இலட்சம் தரம் பம்பரம்போல் சுழலும். ரூபிடியம்-87, 7 இலட்சம் தரம். அந்தந்த மீடிறனில்தான் அததன் மேடு எழும்பும். மண்பானையும் கேத்தலும் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் கொதித்தாலும் உம்மம்மா எது எதென்று சொல்லுவாவே, அதேதான்.

மேட்டின் அகலம் இன்னொன்றைச் சொல்லும். அகன்றிருந்தால் அணுக்கள் தங்கள் சுழற்சியின் ஒழுங்கைச் சீக்கிரம் மறக்கின்றன. 2021இல் அதே நிறுவனத்தார் லேசரால் குளிர்த்திய ரூபிடியத்தை, வேறு லேசர் கதிர்களால் இயக்கிவிட்டு, இப்படிக் கேட்டார்கள். மேடு சூடான ஆவியில் இருந்ததைவிட ஏறக்குறைய நூறு மடங்கு ஒடுங்கியிருந்தது.