சீனப் பீங்கான் மூக்குத்தூட் குப்பிகள்: சேகரிப்பும் உழைப்பும்

கலைப்பொருட் சேகரிப்புப் பெரும்பாலும் தனிமனித இரசனையின் வெளிப்பாடாகவே விளக்கப்படுகின்றது. சேகரிக்கப்படும் பொருளின் உற்பத்தி வரலாற்றை நோக்கின் இவ்விளக்கத்தின் போதாமை புலனாகும். பழைய சீனப் பீங்கான் மூக்குத்தூட் குப்பிகள் இதற்குத் தக்க சான்றாகும்.

ஐரோப்பியர் வழியாகச் சீனத்தை அடைந்த மூக்குத்தூள், சிங் வம்சப் பேரரசர் காங்சியின் ஆட்சியில் (1662–1722) அரசவை வழக்கமாயிற்று. ஐரோப்பியர் அதனைச் சிறு பெட்டிகளில் வைத்திருந்தனர். சீனத்தின் ஈரக்காற்றில் தூள் கட்டிபடுமாதலின், அங்கு இறுக மூடத்தக்க குப்பியே ஏற்றதாயிற்று. மூடியுடன் ஒரு சிறு கரண்டியும் இணைக்கப்பட்டது. அரசவையினருக்கும் உயரதிகாரிகளுக்கும் உரியதாயிருந்த இவ்வழக்கம் வணிகரிடையேயும் பரவியபோது குப்பிகளின் தேவை பெருகிற்று. சியாசிங் காலத்தில் (1796–1820) ஜிங்தேஜென் நகரச் சூளைகளில், சிங்கங்களும் பௌத்த அருகதர்களும் புடைப்புருவாய் அமைந்த பீங்கான் குப்பிகள் அச்சிலிட்டு ஆக்கப்பட்டன. ஒரே உருவைப் பலமுறை ஆக்க உதவும் அச்சுமுறை, விரிந்துவந்த சந்தைக்கு இயைந்ததாகும்.

இந்நகரின் தொழிற்பிரிவினை நுணுக்கமானது. ஒரு பீங்கான் கலம் 72 முறை கைமாறியே முழுமை பெறுகின்றதென 1637இல் வெளிவந்த சொங் யிங்சிங்கின் நூல் கூறும். அங்கு வாழ்ந்த பிரான்சிய இயேசு சபைத் துறவி தாந்த்ரகோலும், 70 தொழிலாளர் கைகளைப் பற்றித் தாம் கேள்வியுற்றதை 1712இல் எழுதினார். ஆயின் குப்பியின் அடியில் காணப்படுவது பெரும்பாலும் பேரரசரின் ஆட்சிப் பெயரே; ஆக்கியோர் பெயர் அங்கில்லை.

அவ்வாட்சிப் பெயரும் காலத்தை அறுதியிடும் சான்றன்று. முந்திய பேரரசரின் பெயரைப் பிற்காலத்தவர் பொறித்தலும் வழக்கமாயிருந்தது. எனவே தேர்ந்த சேகரிப்பாளர் முத்திரையோடு அமையாது, அடிவிளிம்பின் தேய்வு, மண்ணின் தன்மை, மெருகு, வர்ணம் ஆகியவற்றையும் ஆராய்வர். அவர்கள் உண்மையில் ஆராய்வது உழைப்பின் தடயங்களையே என்பது மனங்கொள்ளத்தக்கது.

1912இல் சிங் ஆட்சி வீழ்ந்தது. சிகரெட் பரவ, மூக்குத்தூள் வழக்கொழிந்தது. உபயோகப் பெறுமதி மறைய, பரிவர்த்தனைப் பெறுமதி ஓங்கிற்று. 1968இல் அமெரிக்காவில் சேகரிப்பாளர் சங்கமொன்று தோன்றியது. 2010 முதல் 2015 வரை புளொக் தம்பதியரின் பெருந்தொகுப்பு ஹொங்கொங்கில் தொடர் ஏலங்களில் விற்கப்பட்டது. இத்தகைய ஏலங்களில் அரசவைத் தொடர்பு விலையை உயர்த்துகின்றது.

சேகரிப்பாளர் இன்றேல் இக்குப்பிகளுட் பல அழிந்திருக்கும் என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் அவற்றை உடையவர் வரலாறு மட்டும் பதியப்படுமாயின், ஆக்கியோர் இரண்டாம் முறையும் மறைக்கப்படுவர். சூளையையும் செய்முறையையும் விளக்கும் பட்டியலே முழுமையான பட்டியலாகும்.