யார் பயங்கரவாதி? உலகச் சட்டம் சொல்வது என்ன?

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது முல்லைத்தீவை விட்டு வந்தவர் என் உம்மும்மா. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளின் பின்னர் அதே உம்மும்மாவை பஸ்ஸில் சிலர் சந்தேகத்தோடு பார்த்தார்கள். பயங்கரவாதி யார் என்பதை உலகம் எப்படித் தீர்மானிக்கிறது என்ற கேள்வி அன்று என் மனதில் எழுந்தது.

எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்ட வரைவிலக்கணம் எதுவும் இன்னும் இல்லை. 1996 இல் இந்தியா முன்வைத்த பொது உடன்படிக்கை இதுவரை நிறைவேறவில்லை. அதை ஆராய்ந்த ஐக்கிய நாடுகள் குழுவுக்குப் பல ஆண்டுகள் தலைமை தாங்கியவர் இலங்கையரான ரொஹான் பெரேரா. விடுதலைப் போராட்டங்களையும் அரச படைகளின் செயல்களையும் இதில் சேர்ப்பதா, விடுவதா என்பதில் நாடுகள் உடன்படவில்லை.

ஆகவே உலகம் வேறு வழியை எடுத்தது. குண்டு வைத்தல் (1997), நிதி வழங்கல் (1999) எனக் குறித்த செயல்களைத் தனித்தனி உடன்படிக்கைகள் குற்றமாக்கின. சந்தேக நபரை ஒரு நாடு தானே விசாரிக்க வேண்டும், அல்லது விசாரிக்கும் நாட்டிடம் ஒப்படைக்க வேண்டும்.

2001 செப்டெம்பர் 11 தாக்குதல்களின் பின்னர், அதே மாதம் 28 இல், பாதுகாப்புச் சபை 1373 ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. பயங்கரவாதிகளின் சொத்துகளை முடக்குவது எல்லா நாடுகளுக்கும் கட்டாயமானது. ஆனால் அந்தத் தீர்மானத்திலும் வரைவிலக்கணம் இல்லை.

இலங்கை இதற்காக 1968 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சட்டத்தின் கீழ் 2012 இல் ஒழுங்குவிதிகளை ஆக்கியது. 2014 மார்ச்சில் 16 அமைப்புகள் வர்த்தமானியில் பட்டியலிடப்பட்டன. ஆட்சி மாறிய பின் 2015 இல் அவற்றில் சில நீக்கப்பட்டன; 2021 இல் சில மீண்டும் சேர்க்கப்பட்டன. வரைவிலக்கணம் தெளிவில்லாதபோது பட்டியல் ஆட்சியோடு சேர்ந்து மாறுகிறது.

இந்த ஆபத்தைப் பாதுகாப்புச் சபையும் உணர்ந்தது. பயங்கரவாதத்துக்கு எதிரான நடவடிக்கைகள் மனித உரிமைச் சட்டத்துக்கு அமைய வேண்டும் என்று 2003 இல் 1456 ஆம் இலக்கத் தீர்மானத்தில் வலியுறுத்தியது. அல்கைதா பட்டியலில் தவறாகச் சேர்க்கப்பட்டவர் முறையிட, 2009 இல் குறைகேள் அதிகாரி பதவி உருவாக்கப்பட்டது.

குண்டு வைத்தவரும் மக்களை விரட்டியவரும் தாம் செய்த செயலுக்காகத் தண்டிக்கப்பட வேண்டும். உம்மும்மா எந்தச் செயலும் செய்யவில்லை. முக்காடு மட்டுமே போட்டிருந்தார்.