பாலூட்டிகளின் குருதித் தட்டணுக்கள்: அமைப்பும் வேதியியலும்

காயமுற்ற இரத்தக்குழாயை முதலில் அடைப்பவை தட்டணுக்கள். பறவை, மீன் முதலியவற்றில் இப்பணியை உட்கருவுடைய அணுக்கள் ஆற்றுகின்றன. பாலூட்டிகளிலோ மெகாகேரியோசைட் என்னும் பேரணுவின் சைட்டோபிளாசத்திலிருந்து பிரியும் உட்கருவற்ற நுண்துண்டுகளே தட்டணுக்களாகின்றன. தோற்றம் ஒன்றாயினும் அமைப்பு இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. விலங்கில் கண்ட ஆய்வு முடிவை மனிதனுக்குப் பொருத்துவோர் இவ்வேறுபாட்டைப் புறக்கணித்தல் இயலாது.

மனிதக் குருதியில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1.5 முதல் 4.5 இலட்சம் வரை தட்டணுக்கள் உள்ளன. சுண்டெலியில் அவை ஏறத்தாழ 10 இலட்சம்; அளவில் சிறியவை. பூனையின் தட்டணுக்கள் பெரியவை. சில, சிவப்பணுவின் பருமனையே எட்டுவதால் தானியங்கி எண்ணிகள் அவற்றைத் தவறாகக் கணக்கிடுகின்றன.

உள்ளமைப்பில் காணும் வேறுபாடு இதனினும் ஆழமானது. மனிதத் தட்டணுவின் புறச்சவ்வு உள்நோக்கி மடிந்து, வெளியே திறக்கும் நுண்கால்வாய்களின் வலைப்பின்னலாக விரிகிறது. தூண்டப்பட்ட நிலையில் துகள்களின் உள்ளடக்கம் இக்கால்வாய்கள் வழியே வெளியேறுகிறது. தட்டணு பரவுவதற்கு வேண்டிய கூடுதல் சவ்வும் இங்கிருந்தே கிடைக்கிறது. மாட்டின் தட்டணுவில் இவ்வமைப்பு இல்லை. அதன் துகள்கள் புறச்சவ்வுடனேயே நேரடியாக இணைந்து உள்ளடக்கத்தை வெளியேற்றுகின்றன. குதிரை, யானை ஆகியவற்றிலும் இக்கால்வாய்கள் இல்லை. தட்டணுவின் பொதுப்பண்பெனப் பாடநூல்கள் கூறுவது, உண்மையில் சில இனங்களின் பண்பே.

வேதியியலும் அவ்வாறே. மனிதனின் அடர்துகள்களில் கால்சியம் மிகுதி. பன்றியின் அடர்துகள்களில் மக்னீசியம் மேலோங்குகிறது. முயலின் தட்டணுக்களில் செரடோனினுடன் ஹிஸ்டமினும் நிறைந்துள்ளது. நாய்களில் பலவற்றின் தட்டணுக்கள், மனிதத் தட்டணுக்களைத் திரளச் செய்யும் அராக்கிடோனிக் அமிலத்துக்குத் திரள்வதில்லை.

இவ்வேறுபாடுகளின் விளைவை மருந்தாய்வில் தெளிவாகக் காணலாம். த்ராம்பினை மனிதத் தட்டணு பார்-1, பார்-4 என்னும் ஏற்பிகளால் உணர்கிறது. சுண்டெலியின் தட்டணுவில் இருப்பவை பார்-3, பார்-4. பார்-1 ஏற்பியைத் தடுக்கும் வொராபாக்சார் 2014-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இத்தகைய மருந்தின் திரள்தடுப்பு ஆற்றலைச் சுண்டெலியில் சோதித்தால், இல்லாத இலக்கையே சோதித்ததாக முடியும். ஆகவே குரங்கு போன்ற, பார்-1 உடைய விலங்குகள் தேவைப்பட்டன.

எனினும் எல்லாவற்றிலும் வேற்றுமை என்று கொள்வதும் பொருந்தாது. ஃபைப்ரினோஜனைப் பற்றும் ஏற்பிப் புரதம் குறைவுறும் கிளான்ஸ்மன் நோய், மனிதரில் போலவே ஆட்டர்ஹவுண்டு, கிரேட் பிரனீஸ் ஆகிய நாயினங்களிலும் காணப்படுகிறது.