டப்பா பழம் வாங்குகிறீர்களா? ஸ்டிக்கரைத் தேடுங்கள்

எங்கள் ஊரான மங்கலத்தில், நால்ரோட்டிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஒரு பேக்கரி கண்ணில் படும். கேக்கின் மேல் அன்னாசி வளையம், ஃப்ரூட் சாலட்டில் பீச், ஐஸ்கிரீமில் சிவப்பு செர்ரி என்று டப்பா பழத்தை நாம் தெரிந்தும் தெரியாமலும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். டப்பா என்றாலே விஷம் என்று பதற வேண்டாம். ஃபாரின் சரக்கு என்றாலே தரம் என்று நம்பவும் வேண்டாம்.

துறைமுகம் தாண்டி வந்ததற்கு அடையாளம்

நம் ஊர்ப் பனியன் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு லேபிளின் அருமையைச் சொல்லித் தரத் தேவையில்லை. அதில் ஒரு வரி பிசகினால் பையர் சரக்கையே தள்ளிவிடுவார். உணவு இறக்குமதியிலும் அதே கெடுபிடிதான். 2017-ஆம் ஆண்டு இறக்குமதி விதிகளின்படி, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் அதிகாரி தடையில்லாச் சான்று கொடுத்தால்தான் சரக்கு துறைமுகத்தை விட்டு வெளியே வரும். அந்த நேரத்தில் மொத்த ஆயுளில் 60 சதவீதமோ, காலாவதிக்கு மூன்று மாதமோ, எது குறைவோ அதுவாவது மீதம் இருக்க வேண்டும்.

இறக்குமதியாளரின் பெயர், முகவரி, 14 இலக்க உரிம எண், சைவ உணவைக் குறிக்கும் பச்சைப் புள்ளி ஆகியவற்றை இங்கே ஸ்டிக்கராக ஒட்டிக்கொள்ள அனுமதி உண்டு. தேதிக்கு அந்தச் சலுகை இல்லை. காலாவதி தேதியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் டப்பாவை அப்படியே திரும்ப வையுங்கள். வெளிநாட்டு எழுத்து மட்டும் இருந்து இறக்குமதியாளர் பெயரே இல்லாத டப்பாவையும் விலை மலிவு என்பதற்காக வாங்காதீர்கள். ஏதாவது ஆகிவிட்டால் பொறுப்பேற்க ஆள் இருக்காது.

உப்பல், நெளிவு, துரு

டப்பாவின் இரு முனைகளையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உப்பியிருந்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. நுண்ணுயிர் வளர்ந்திருக்கலாம், பழத்தின் அமிலம் உலோகத்தை அரித்திருக்கலாம். எதுவானாலும் ருசி பார்க்கக் கூடாது. நடுவில் லேசான நெளிவு பெரிய குற்றமில்லை. விளிம்பு மடிப்பில் நெளிந்தாலோ துருப்பிடித்தாலோ காற்று புகுந்திருக்க வாய்ப்புண்டு.

பொட்டுலினம் என்ற கொடிய நச்சை உண்டாக்கும் கிருமி, அமிலம் குறைந்த, அதாவது பிஎச் 4.6-க்கு மேற்பட்ட உணவில்தான் பெருகும். அன்னாசி, பீச் போன்றவை புளிப்பானவை என்பதால் அந்த ஆபத்து குறைவு. காளான், மக்காச்சோள டப்பாக்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

திறந்த டப்பாவை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்

பலரும் தவறு செய்வது இங்கேதான். அன்னாசி, பேரிக்காய் போன்ற வெளிர் நிறப் பழங்களுக்கு உட்பூச்சு இல்லாத வெள்ளீயத் தகர டப்பாவைப் பயன்படுத்துவதுண்டு. மூடியிருக்கும்வரை வெள்ளீயம் பழத்தின் நிறத்தைக் காப்பாற்றும். திறந்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்ந்து, அந்த உலோகம் பாகில் வேகமாகக் கரையத் தொடங்கும். டப்பா உணவில் கிலோவுக்கு 250 மில்லிகிராம் வெள்ளீயம் வரைதான் இருக்கலாம் என்கிறது சர்வதேச உணவுத் தர விதி. அளவு மீறினால் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு வரும்.

ஆகவே, மீந்ததை உடனே கண்ணாடிப் பாத்திரத்திலோ எவர்சில்வர் டப்பாவிலோ மாற்றி மூடி, ஃப்ரிட்ஜில் வைத்து ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள். மூன்று கிலோ டின்னைத் திறந்து அதிலேயே கரண்டி போட்டு வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கும் இது பொருந்தும்.

பாகைக் குடிக்காதீர்கள்

கெட்டிப் பாகு என்று குறிப்பிட்ட டப்பாவில் 100 கிராம் பாகுக்குக் குறைந்தது 18 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு டம்ளர் பாகைக் குடித்தால் ஏறக்குறைய 36 கிராம். ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோயோடு வாழ்கிறார்கள். அவர்கள் பழத்தின் சாற்றிலேயே அடைத்ததைத் தேடலாம். அதையும் வடித்துவிட்டு, அளவாகத்தான் சாப்பிட வேண்டும். கொய்யாவும் நாட்டு வாழைப்பழமும் கிடைக்கிற ஊரில், தினசரிப் பழத்துக்கு டப்பா எதற்கு என்பதே என் கேள்வி.

பேக்கரி 'செர்ரி' பெரும்பாலும் சாயமேற்றிப் பாகில் ஊறிய களாக்காய்தான். பிள்ளைகளுக்கு அதை ஒன்றோடு நிறுத்துங்கள்.

புகார் சொல்ல

தவறான லேபிளோடு விற்றால் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமுண்டு. சந்தேகம் வந்தால் பில்லையும் டப்பாவையும் பத்திரப்படுத்தி, லேபிளைப் படம் எடுத்து, தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள்.