‘ரைட் ஆஃப்’ என்றால் கடன் தீர்ந்ததா?

பாபநாசத்தில் மளிகைக் கடை நடத்தும் அன்பர் ஒருவர் ஒருநாள் முகமலர்ச்சியுடன் நம் மண்டிக்கு வந்தார். "ஐயா, பாங்கியில் என் கடனை ரைட் ஆஃப் செய்துவிட்டார்களாம். இனிக் கவலையில்லை" என்றார். சில மாதங்களில் அவருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது.

அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. விலையில் குறைத்தாலும் தள்ளுபடி, கடனை விட்டுக்கொடுத்தாலும் தள்ளுபடி, ரைட் ஆஃப் செய்தாலும் தள்ளுபடி என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம்.

‘ரைட்’ என்றால் எழுது. ‘ஆஃப்’ சேர்ந்தால் பொருளே வேறு. நம் தமிழிலும் ‘எழுதி வைத்தார்’ என்றால் உயில். ‘எழுதித் தள்ளினார்’ என்றால் ஏராளமாக எழுதினார். அதுபோல ‘ரைட் ஆஃப்’ என்பது, வராது என்று கருதும் பாக்கியைச் சொத்துக் கணக்கிலிருந்து கழித்து நட்டத்தில் எழுதுவது. இது கடன் கொடுத்தவர் தம் பேரேட்டில் செய்யும் வேலை. வாங்கியவர் கடனாளிதான், வசூல் நடவடிக்கையும் தொடரும்.

கடனையே விட்டுவிடுவதற்கு ஆங்கிலத்தில் ‘வேவர்’ என்று பெயர். 2021இல் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்ததே, அது இவ்வகை.

நமக்கும் இதில் பாடம் உண்டு. சம்பா அறுவடை வரை சரக்கைக் கடனுக்கு விடுவது நம் வட்டார வழக்கம். வராமற்போன பாக்கிக்கு வருமானவரியில் கழிவு பெற, அந்த விற்பனை முன்பே வருமானத்தில் சேர்ந்திருக்க வேண்டும். பாக்கியைக் கணக்கில் ரைட் ஆஃப் செய்திருக்கவும் வேண்டும். அது வாராக்கடன்தான் என்று தனியே நிரூபிக்க வேண்டியதில்லை என 2010இல் உச்சநீதிமன்றம் கூறியது. பின்னாளில் பணம் வந்தால் அந்த ஆண்டின் வருமானத்தில் காட்ட வேண்டும். விற்பனைக்குக் கட்டிய ஜி.எஸ்.டி. மட்டும் திரும்பாது.

கழித்து எழுதிய பாக்கிக்கும் கெடு உண்டு. வழக்குப் போட, சரக்குக் கொடுத்த நாளிலிருந்தோ, தவணை பேசியிருந்தால் அது முடிந்த நாளிலிருந்தோ மூன்றாண்டுகள். அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு கடன்காரர் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்றாண்டுகள். ஆகவே ஆண்டுதோறும் பாக்கிச் சீட்டில் கையெழுத்து வாங்கி வைப்பது நலம்.

பாங்கியில் ‘தள்ளுபடி’ என்று யாராவது சொன்னால், மகிழுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "ரைட் ஆஃபா, வேவரா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் கணக்கில் ஏறாது என்பது நம் தொழிலில் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.