பம்பை நம்பிப் பழைய படகு வாங்காதீர்கள்

பழைய விசைப்படகு ஒன்று மலிவாக வருகிறது. அடியில் தண்ணீர் நிற்பதைக் காட்டினால், "எல்லாப் படகுலயும் கொஞ்சம் ஊறும்ணே, பம்பு போட்டா போயிரும்" என்பார் விற்பவர். நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே 25 மி.மீ. ஓட்டை இருந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 லிட்டர் உள்ளே வரும். பேட்டரி இறங்கினால் பம்பு நிற்கும், தண்ணீர் நிற்காது.

தண்ணீர் தேங்கும் இடமும் நுழையும் இடமும் பெரும்பாலும் வேறு. முழுக்க இறைத்து, துணியால் துடைத்து, சுண்ணாம்புத் தூளைத் தூவிவிட்டுப் பாருங்கள். ஊர்ந்து வந்த தடம் தெரியும். உப்புக் கரிக்காத தண்ணீர் என்றால் மழையோ குடிநீர்த் தொட்டியோ காரணம். கட்டிப்போட்ட நிலையிலேயே ஏறினால் அடித்தட்டையும் அதைத் துளைத்துப் போகும் குழாய்களையும் சந்தேகப்படுங்கள். இன்ஜின் ஓடும்போது மட்டும் ஏறினால் குளிர்விக்கும் நீர்க்குழாயையோ, புரொப்பல்லர் தண்டு வெளியேறும் இடத்திலுள்ள கிளாண்டையோ பாருங்கள். கயிறு அடைத்த கிளாண்டில் தண்டு சுழலும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழத்தான் வேண்டும். அதுதான் தண்டைக் குளிர்விக்கிறது. ஒரு சொட்டும் கூடாது என்று முறுக்கினால் கயிறு கருகும், தண்டு தேயும். இந்த ஒரு வேலையில்தான் பலர் நல்ல தண்டைக் கெடுக்கிறார்கள்.

மற்றதற்குப் படகைக் கரையேற்ற வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் அதற்குத் தோதானது. பைபர் அடித்தட்டை நாணயத்தால் தட்டினால், ஊறிப்போன இடம் மட்டும் மந்தமாக ஒலிக்கும். வெளியே மாட்டும் இன்ஜின் என்றால் பின்பலகையின் போல்ட் துளைகளைக் கட்டாயம் பாருங்கள். அதன் வழி நீர் இறங்கி உள்ளிருக்கும் பிளைவுட் உளுத்திருக்கும். ஈரத்தின் மேல் அப்பும் எம்-சீல் கரை சேரத்தான் உதவும். விரிசலைச் சரிவாகத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, எபாக்ஸியும் கண்ணாடி இழையும் வைத்துக் கட்டுவதே பழுதுபார்ப்பு. மரப்படகுக்குக் கலப்பத்து (பலகை இடுக்கு அடைப்பு) பார்க்கத் தெரிந்த ஆசாரி வேண்டும்.

நடுக்கடலில் நீர் ஏறினால் தயங்காமல் விஎச்எஃப் 16-ஆம் அலைவரிசையிலோ, கடலோரக் காவல்படையின் 1554 எண்ணிலோ சொல்லுங்கள்.

இனிச் சட்டம். விற்றவர் குறையை மறைத்தார் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் அவர் வாய்திறக்காமல் மறைத்த குறை, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே தெரிந்திருக்கும் என்றால் அந்த வாதம் எடுபடாது. அதனால் மேலே சொன்ன சோதனையை வாங்கும் முன்பே செய்யுங்கள்; "ஒழுக்கு இல்லை" என்று அவர் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். பழுதுபார்த்த பட்டறை சொதப்பினால் வழி எளிது. சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் படகோட்டுபவரும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிடலாம். கூலியாகக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை.

காப்பீடு எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒழுகுவது தெரிந்தே படகைக் கடலுக்கு அனுப்பி, அதனாலேயே அது மூழ்கினால், 1963-ஆம் ஆண்டுக் கடல் காப்பீட்டுச் சட்டப்படி நிறுவனம் கைவிரிக்கலாம். சரிசெய்ததற்கான பில், புகைப்படம் எல்லாவற்றையும் படகில் வைக்காதீர்கள், வீட்டில் வையுங்கள்.