ஒரு பேரை இழந்தால்தான் உளவளத்துணையா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொள்கிறது, பள்ளிக்கூடம் போக அழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தாய் விடியவே கொழுந்துக்குப் போயிருப்பார். இல்லையேல் மத்திய கிழக்கில் யாரோ ஒருவருடைய பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கவலைப்பட மிஞ்சுவது பாட்டி. அவர் எங்கே போவார்? உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பது பிரதேச செயலகத்தில். 2012 குடிசன மதிப்பீட்டின்போது அம்பகமுவ, நுவரெலியா பிரிவுகள் ஒவ்வொன்றிலும் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். அம்பகமுவ செயலகமோ கினிகத்தேனையில். பிரிவுகளின் எண்ணிக்கை பின்னர் கூட்டப்பட்டாலும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறும் தாய்க்கு அன்றைய பேர், அதாவது அன்றைய நாட்கூலி, போய்விடும். பலன் கண்ணுக்குத் தெரியாத ஒரு பேச்சுக்காக, வாரம் தவறாமல் யார் பேரை இழப்பார்கள்? ஆகவே இந்தச் சேவை பள்ளிக்கூடத்துக்கும், தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்கும் தேடி வரவேண்டும் என்பதே என் வாதம்.

முதலில் சம்பளத்தைக் கூட்டுங்கள், லயக் குடியிருப்பை மாற்றுங்கள், மனசு தானாகத் தேறும் என்பார்கள். பாதி உண்மை; வறுமையைப் பேசியே தீர்க்க முடியாதுதான். ஆனால் தோட்டத் தொழிலாளரின் 1,000 ரூபா நாட்சம்பளக் கோரிக்கை 2015இல் எழுந்து 2021இல்தான் கைகூடியது. கோரிக்கை எழுந்த ஆண்டில் முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளை அதற்குள் ஏழாம் தரத்துக்கு வந்துவிட்டது. குழந்தைப் பருவம் கூட்டு ஒப்பந்தத்துக்காகக் காத்திருக்காது.

பள்ளியில்தான் ஆலோசனை ஆசிரியர் இருக்கிறாரே என்பது இன்னொரு மறுப்பு. அவரே பாடமும் எடுக்கிறார், புள்ளியும் போடுகிறார், தேவைப்பட்டால் அதட்டவும் செய்கிறார். அப்பாவின் குடியைப் பற்றி அவரிடம் பிள்ளை எப்படி வாய் திறக்கும்? ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும் லயத்தில், சொன்னது வெளியே போகாது என்ற உறுதிதான் சிகிச்சையின் முதல் பாதி. எனவே வகுப்பெடுக்காத, தமிழில் சரளமாகப் பேசும், இரகசியம் காக்கச் சட்டப்படி கடமைப்பட்ட தனி ஆள் வேண்டும். ஆளுக்கு எங்கே போவது? தோட்டப் பள்ளிகளுக்கு ஆசிரியர் இல்லை என்ற காலமும் இருந்தது. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் மலையக இளைஞர் யுவதிகளே பயிற்சி பெற்று அந்தக் குறையைத் தணிக்க உதவினார்கள். உளவளத்துணைக்கும் அங்கேயே ஒரு பாடநெறி தொடங்கலாம். கடுமையான மனநோயை டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டிய கட்டத்தை அடையாளம் காண்பதும் அந்தப் பயிற்சியில் சேரவேண்டும். பிள்ளைக்காம்பரா பொறுப்பாளருக்கும் அதில் சில நாள் பயிற்சி கொடுத்தால், பாட்டிக்கு அடுத்தபடியாகக் கவனிக்க இன்னொருவர் கிடைப்பார்.